தகர ஷீட் வீட்டுக்கு ‘வெள்ளித்தாள்’ போட்டால் வெக்கை குறையுமா? காசு கொடுக்கும் முன் சோதித்துப் பார்ப்பது எப்படி?

மங்கலம்பேட்டை:

கோடை வந்துவிட்டால் போதும், விருத்தாசலம், மங்கலம்பேட்டை பகுதிகளில் ஷீட் வீட்டில் குடியிருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். காலை 10 மணிக்கே கூரை காய ஆரம்பித்து விடுகிறது. மதியம் 2 மணிக்கு வீட்டுக்குள் உட்கார்ந்தால் மண்டைக்கு மேல் அடுப்பை வைத்த மாதிரி இருக்கிறது. பேனைப் போட்டால் அனல் காற்றுதான் இறங்குகிறது. கைக்குழந்தைகளும், வயதானவர்களும் படும் அவதி சொல்லி மாளாது.

இந்த வெக்கைக்கு மருந்து என்று சொல்லி விற்கப்படும் பொருள்தான் ‘பாயில் ஷீட்’. வெள்ளி போலப் பளபளக்கும் அலுமினியத் தாள். சிலது வெறும் தாளாக இருக்கும். சிலது நடுவில் காற்றுக் குமிழ் வைத்த ‘பபுள் ஷீட்’டாக வரும். கூரைக்கு அடியில் இதைக் கட்டிவிட்டால் ‘ஏ.சி. போட்ட மாதிரி ஜில்லுனு இருக்கும்’, ‘97 சதவீத வெயிலைத் தடுக்கும்’, ‘10 டிகிரி, 15 டிகிரி குறையும்’ என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள்.

தினக்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு இது சின்னச் செலவு அல்ல. சதுர அடிக்கு 20 ரூபாய் என்று வைத்துக் கொண்டாலும் 300 சதுர அடி வீட்டுக்கு 6 ஆயிரம் ரூபாய். கம்பி, சட்டம், ஆள் கூலி தனி. குழுவில் கடன் வாங்கித்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால் பலன் உண்டா, இல்லையா?

பலன் உண்டு. ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. அந்தப் பலனும் சரியாகப் பொருத்தினால்தான் கிடைக்கும்.

சூடு வருவது 3 வழியில்

அடுப்பில் இருக்கும் கரண்டியைத் தொட்டால் சுடுகிறது. இது தொட்டு ஏறும் சூடு. அடுப்புக்கு மேலே கையை நீட்டினால் சூடான காற்று படுகிறது. இது காற்று சுமந்து வரும் சூடு. அடுப்பைத் தொடாமல், பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்தாலும் முகத்தில் அனல் அடிக்கிறதே, அது கதிராக வரும் சூடு. இதைத்தான் வெப்பக் கதிர்வீச்சு என்கிறார்கள்.

சூடான காற்று மேலே போகுமே தவிர தானாகக் கீழே இறங்காது. எனவே காய்ந்த கூரையிலிருந்து கீழே இருப்பவர் தலையில் இறங்கும் சூட்டில் பெரும்பங்கு இந்தக் கதிர்வீச்சுதான். பாயில் ஷீட் தடுப்பதும் இந்த ஒன்றை மட்டும்தான்.

உச்சி வெயிலில் ஷீட் 65 டிகிரி வரை காயும். 10க்கு 10 அடி அறையில், தரையும் சுவரும் 40 டிகிரியில் இருந்தால், கூரையிலிருந்து இறங்கும் கதிர்வீச்சு சுமார் 1,500 வாட் என்று கணக்கு வருகிறது. அதாவது 750 வாட் இஸ்திரிப் பெட்டி இரண்டை மதியம் முழுக்க அறைக்குள் போட்டு வைத்ததற்குச் சமம். 

பளபளப்பான அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. தன் மேல் விழும் வெப்பக் கதிரில் 100க்கு 95 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பி விடும். தான் சூடேறினாலும் அந்தச் சூட்டைக் கதிராக வெளியே விடாது. டீ கொண்டு போகும் பிளாஸ்க்கின் கண்ணாடிக்குப் பளபளப்பாக முலாம் பூசியிருப்பது இதற்காகத்தான். ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி 1892ம் ஆண்டு கண்டுபிடித்த உத்தி இது. விண்ணுக்குப் போகும் செயற்கைக்கோளைச் சுற்றித் தங்க நிறத்தில் மினுமினுக்கும் தாளும் இந்த வகைதான்.

‘97 சதவீதம்’ என்பதில் உள்ள சூட்சுமம்

‘விண்வெளி தொழில்நுட்பம்’ என்று சொல்லி விற்பதில் பொய் இல்லை. ஆனால் விண்வெளியில் காற்று கிடையாது. அங்கே சூடு கதிராக மட்டும்தான் பரவும். அதனால் தாள் முழு வேலை செய்கிறது. நம்ம வீட்டில் அப்படி இல்லை. ஜன்னல் வழியாக அனல் காற்று வருகிறது. மேற்குச் சுவர் காய்ந்து உள்ளே சூட்டைத் தள்ளுகிறது. சமையல் அடுப்பு எரிகிறது. இதையெல்லாம் கூரைத் தாள் தடுக்காது.

எனவே ‘97 சதவீதக் கதிரைத் திருப்பி அனுப்பும்’ என்பது உண்மையாக இருக்கலாம். அதனால் வீட்டு வெக்கை 97 சதவீதம் குறையும் என்று அர்த்தம் இல்லை. 

அதேபோல வெளியே நிழலில் 40 டிகிரி என்றால், அந்த நேரத்தில் ஏ.சி. இல்லாத ஷீட் வீட்டுக்குள் 30 டிகிரி ஆக்க எந்தத் தாளாலும் முடியாது. ஷீட் வீடு வெளியே நிழலில் இருப்பதை விட 4, 5 டிகிரி கூடுதலாகக் காய்கிறது என்றால், அந்தக் கூடுதல் சூட்டில் ஒரு பகுதியைத்தான் தாள் குறைக்கும். 

வெப்பமானியில் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கியிருக்கும். ஆனால் உடம்புக்கு அதைவிட அதிகம் தெரியும். மண்டையில் நேராக இறங்கிய அனல் நின்றுபோவதுதான் காரணம். வீட்டில் உட்கார்ந்து தையல் தைக்கிறவர்களுக்கும், அகல் விளக்கு, பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவர்களுக்கும் இது பெரிய வித்தியாசம்தான்.

அமெரிக்காவில் வெயில் அதிகமுள்ள பகுதிகளில் வீட்டுக் கூரைக்கு அடியில் இப்படித் தாள் போட்டால் ஏ.சி. செலவு 5 முதல் 10 சதவீதம் வரை குறையலாம் என்று அந்நாட்டு எரிசக்தித் துறை கூறுகிறது. அங்குள்ள வீடுகளில் கூரைக்கும் அறைக்கும் நடுவே பரண் போல ஒரு இடம் இருக்கும். அதில் பஞ்சு மாதிரியான தடுப்பும் ஏற்கனவே போட்டிருப்பார்கள். நேரடியாக ஷீட்டுக்கு அடியில் குடியிருக்கும் நம்ம ஊர் வீட்டில் மதிய நேரப் பலன் அதைவிடக் கூடுதலாகவே தெரியும். ஆனாலும் பாதிக்குப் பாதி கரண்ட் பில் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சூளைக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு

விருத்தாசலம் செராமிக் தொழிலுக்குப் பேர் போன ஊர். இங்கே செராமிக் தொழிற்பேட்டையும், அந்தப் படிப்புக்கென்றே அரசு தொழில்நுட்பக் கல்வி நிலையமும் உள்ளன. சூளையில் வேலை பார்க்கிறவர்களுக்கு வெப்பத் தடுப்பு புதுசு இல்லை. சூளைச் சூடு வெளியே வராமல் தடுப்பது தீக்கல்லும், செராமிக் பஞ்சு விரிப்பும். அங்கே வேலை செய்வது தடிமன். எவ்வளவு கனமோ அவ்வளவு தடுப்பு.

பாயில் ஷீட்டின் கதை வேறு. இதற்குத் தடிமனே கிடையாது. பபுள் ஷீட்டில் உள்ள காற்றுக் குமிழ் தருவது கொஞ்ச உதவிதான். இதன் பலம் முழுக்க அந்தப் பளபளப்பிலும், அதற்குப் பக்கத்தில் உள்ள காற்று இடைவெளியிலும்தான் இருக்கிறது. பளபளப்பு போனால் பலம் போச்சு. இடைவெளி இல்லாவிட்டால் பாதி போச்சு.

பொருத்துவதில்தான் கோட்டை விடுகிறார்கள்

ஷீட்டோடு ஒட்டி, இறுக்கமாக ஆணி அடித்து விட்டால் தாளின் மேல் முகத்துக்கு வேலை இல்லை. சூடு தொட்டே ஏறி விடும். கீழ் முகம் மட்டும் கதிரை விடாமல் ஓரளவு காப்பாற்றும். ஆனால் ஷீட் எவ்வளவு காய்கிறதோ, ஏறக்குறைய அதே அளவுக்குத் தாளும் காயும். அதைத் தொட்ட காற்றை பேன் இழுத்துக் கீழே தள்ளும்.

சரியான முறை இதுதான். ஷீட்டுக்கும் தாளுக்கும் நடுவில் குறைந்தது 1 அங்குலம், முடிந்தால் 2, 3 அங்குலம் இடைவெளி விட வேண்டும். ரீப்பர் சட்டத்துக்குக் கீழே கம்பி இழுத்துக் கட்டினால் இந்த இடைவெளி தானாகக் கிடைக்கும். ஓரங்களில் மேலும் கீழும் காற்று போய் வர வழி விட்டால், நடுவில் தேங்கும் சூடான காற்று வெளியே போய்விடும்.

ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு உள்ள தாள் என்றால், பளபளப்பு கீழே பார்த்து இருப்பது நல்லது. மேலே பார்த்து வைத்தால் நாளடைவில் புழுதி படியும். புழுதி படிந்த தாள் சாதாரணப் பலகை மாதிரிதான். 

அழகுக்காகத் தாளின் மேல் பெயிண்ட் அடித்தாலோ, அதை ஒட்டியே பி.வி.சி. சீலிங் போட்டாலோ போட்ட காசு வீண். அலுமினியத்தின் மேல் பிளாஸ்டிக் பூச்சு கனமாக இருக்கும் தாளிலும் பலன் குறையும். அடுப்புப் புகை படியும் சமையல் கட்டிலும் சீக்கிரம் கறுத்து விடும்.

விற்பனைக் காட்சியில் ஏமாறாதீங்க

வியாபாரத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக இரண்டு வித்தை காட்டுவார்கள்.

முதலாவது பல்பு வித்தை. சூடான பெரிய பல்புக்கு முன்னால் கையை வைக்கச் சொல்வார்கள். சுடும். நடுவில் தாளைப் பிடிப்பார்கள். சூடு நின்று விடும். பார்த்தவர்கள் அசந்து போவார்கள். ஆனால் அதே இடத்தில் ஒரு அட்டையைப் பிடித்தாலும் முதல் ஒரு நிமிஷம் சூடு தெரியாது. இது ஒரு நிமிஷ வேடிக்கை. கூரை காய்வது 8 மணி நேரம்.

இரண்டாவது துப்பாக்கி வித்தை. தொடாமலே வெப்பம் காட்டும் ‘கன்’ வெப்பமானியை ஷீட் மேல் பிடித்தால் 62 டிகிரி காட்டும். தாள் மேல் பிடித்தால் 36 டிகிரி காட்டும். ‘பாத்தீங்களா, 26 டிகிரி குறைஞ்சிருச்சு’ என்பார்கள். இது உண்மையான அளவு இல்லை. அந்தக் கருவி வெப்பக் கதிரை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. பளபளப்பான தாள் தன் கதிரை விடாமல், கீழே உள்ள தரையின் கதிரைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். கருவி தரையின் சூட்டைத்தான் படிக்கிறது.

இதற்கு எளிய வழி இருக்கிறது. தாளின் மேல் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி, கால் மணி நேரம் விட்டு, அந்த டேப் மேல் கன்னைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உண்மையான சூடு அப்போது தெரியும்.

நாமே சோதிப்பது எப்படி?

வீடு முழுக்க ஒரேயடியாகப் போட வேண்டியதில்லை. முதலில் ஒரு அறைக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி இரண்டு போதும்.

1. இரண்டையும் முதலில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் காட்டினால் அதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

2. தாள் போட்ட அறையில் ஒன்று, போடாத அறையில் ஒன்று மாட்டுங்கள். கூரைக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆள் உட்கார்ந்தால் தலை வருகிற 3, 4 அடி உயரத்தில் மாட்ட வேண்டும். வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது.

3. இரண்டு அறையிலும் கதவு, ஜன்னல், பேன் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

4. காலை 7 மணி, மதியம் 2.30 மணி, மாலை 5 மணி, இரவு 9 மணி என 4 வேளை, ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

ஒரே அறைதான் இருக்கிறது என்றால் ஒரு வெப்பமானியை வெளியே மர நிழலில் கட்டுங்கள். நேற்று உள்ளே 43, இன்று தாள் போட்ட பிறகு 39, ஆக 4 டிகிரி லாபம் என்று சந்தோஷப்பட்டு விடக் கூடாது. நேற்று வெளியே 39 ஆக இருந்து, இன்று மேகமூட்டத்தால் 37 ஆக இருந்திருக்கலாம். நேற்று உள்ளே 4 டிகிரி அதிகம், இன்று 2 டிகிரி அதிகம். அப்படியென்றால் தாள் குறைத்தது 2 டிகிரிதான். மீதி 2 டிகிரி மேகம் குறைத்தது. இந்தக் கழித்தல் கணக்கைப் போடாமல் சொல்லும் எந்த நம்பரையும் ஏற்க வேண்டாம்.

போட்ட புதிதில் மட்டும் பார்த்து முடிவு கட்டவும் கூடாது. அடுத்த கோடையில் அதே சோதனையை ஒரு நாள் செய்து பார்த்தால், புழுதியும் புகையும் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது தெரிந்து விடும்.

ராத்திரிக்கு என்ன ஆகும்?

இதைப் பற்றி விற்கிறவர்கள் வாயே திறப்பதில்லை. தகர ஷீட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறி விடும். வீட்டுக்குள் இருக்கும் சூட்டையும் இழுத்து வானத்துக்கு விட்டு விடும். அடியில் தாள் கட்டி விட்டால், பகலில் மேலிருந்து வரும் சூட்டைத் தடுத்த அதே தாள் ராத்திரியில் உள்ளே இருக்கும் சூடு வெளியே போவதையும் தடுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, சுவரின் உச்சியில் காற்றுப் போக்கி விட்டால்தான் இந்தக் குறை தீரும். அதனால்தான் இரவு 9 மணி அளவும் முக்கியம்.

தளம் போட்ட வீட்டுக்கு விஷயமே வேறு. தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக் கொண்டு, ராத்திரியில் கக்கும். இதற்கு அடியில் தாள் கட்டுவதை விட, மொட்டை மாடியில் வெயிலை மேலேயே தடுப்பதுதான் சரியான வைத்தியம்.

உயிருக்கு ஆபத்தும் உண்டு

அலுமினியத் தாளில் கரண்ட் பாயும். கூரைக்கு அடியில் ஓடும் பழைய வயரில் தோல் உரிந்திருந்தாலோ, அடிக்கிற ஆணி வயரில் பட்டாலோ கூரை முழுக்க ஷாக் அடிக்கும். ஆஸ்திரேலியாவில் 2009ம் ஆண்டு அரசே செலவு செய்து வீடுகளுக்கு வெப்பத் தடுப்பு போட்டுக் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது. அந்த வேலையில் 4 இளம் தொழிலாளர்கள் இறந்தனர். 3 பேர் மின்சாரம் தாக்கியும், ஒருவர் கூரைக்குள் கடும் வெப்பம் தாங்காமலும் உயிரிழந்தனர். பாயில் தாளை உலோகப் பின்னால் அடித்தபோது மின்வயரில் பட்டு இறந்தவர்களும் இதில் உண்டு. 2010ம் ஆண்டு பிப்ரவரியில் அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது. அரசு விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது.

எனவே வேலை தொடங்கும் முன் மெயினை ஆப் செய்ய வேண்டும். வயர்களை எலக்ட்ரீசியனிடம் காட்டி, பைப்புக்குள் விட வேண்டும். ஆணியை விடக் கட்டுக்கம்பிக்குப் பதில் நைலான் கயிறு பயன்படுத்துவது இன்னும் பாதுகாப்பு. பபுள் ஷீட்டில் உள்ள பிளாஸ்டிக் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புக்கு மேலே கட்டவே கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டு ஷீட்டில் துளை போடுவதும், அறுப்பதும் நுரையீரலுக்குக் கேடு. அந்தத் தூசியில் புற்றுநோய் உண்டாக்கும் நார் இருக்கிறது.

குறைந்த செலவில் வேறு வழி

கூரைக்கு மேலே வெள்ளை அடிப்பதுதான் முதல் வழி. புது வெள்ளைப் பூச்சு, விழும் வெயிலில் 100க்கு 70 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பி விடும். புதுத் தகரமும் பளபளப்பாகத்தானே இருக்கிறது, அது ஏன் சுடுகிறது என்று கேட்கலாம். பளபளப்பான உலோகம் ஏறிய சூட்டை வெளியே விடாது. வெள்ளைப் பூச்சு வெயிலையும் திருப்பும், ஏறிய கொஞ்சச் சூட்டையும் வானத்துக்கு விட்டு விடும். ராத்திரிக்கும் தொல்லை இல்லை. மழையில் கரையும், புழுதியில் மங்கும் என்பதால் வருஷா வருஷம் கோடைக்கு முன் அடிக்க வேண்டும்.

குஜராத் மாநிலம் அகமதாபாத்தில் 2010ம் ஆண்டு அடித்த கொடும் வெயிலுக்குப் பிறகு, 2013ம் ஆண்டு வெப்பத் தடுப்புச் செயல் திட்டம் கொண்டு வரப்பட்டது. 2017ம் ஆண்டு அங்கு ஏழைகள் வசிக்கும் பகுதிகளில் சுமார் 3 ஆயிரம் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் பணி எடுத்துக் கொள்ளப்பட்டது. தெலுங்கானா அரசு 2023ம் ஆண்டு குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. தமிழகத்திலும் அரசுப் பள்ளிக் கூரைகளில் இந்த முயற்சி தொடங்கப்பட்டுள்ளது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024ம் ஆண்டு அறிவித்தது குறிப்பிடத்தக்கது.

தளம் போட்ட வீடுகளுக்கு வெள்ளை டைல்ஸ் சில்லு பதிப்பது இன்னொரு வழி. செராமிக் ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உடைந்த வெள்ளைச் சில்லு என்பது கேள்விப்படாத பொருள் இல்லை. சிமெண்டு கலவையில் நெருக்கமாகப் பதித்து விட்டால் சுண்ணாம்பு போல வருஷா வருஷம் அடிக்கிற வேலை இல்லை. கழுவி விட்டால் போதும்.

ஷீட்டுக்கு மேல் தென்னங்கீற்று போடுவது நம்ம ஊர்ப் பழக்கம். நல்ல நிழல்தான். ஆனால் தீப்பொறிக்கும், காற்றுக்கும் தாங்காது. 2011ம் ஆண்டு டிசம்பர் 30ந் தேதி கடலூர் அருகே கரையைக் கடந்த தானே புயல் கூரை வீடுகளை என்ன பாடு படுத்தியது என்பதை மாவட்ட மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுரை, பீர்க்கன் கொடியைப் பந்தல் போட்டுக் கூரை மேல் படர விட்டால் நிழலும் ஆச்சு, காயும் ஆச்சு.

எதை முதலில் செய்யலாம்?

கையில் ஆயிரம், இரண்டாயிரம்தான் இருக்கிறது என்றால் கூரைக்கு மேலே வெள்ளை அடிப்பதிலும், சுவரின் உச்சியில் காற்றுப் போக்கி விடுவதிலும் செலவு செய்யலாம். அதைச் செய்த பிறகும் மதிய வெக்கை தாங்கவில்லை, மேலும் பணம் இருக்கிறது என்றால் பாயில் ஷீட் போடலாம். வாடகை வீட்டுக்காரர்கள் கழற்றி எடுத்துப் போகிற மாதிரி சட்டத்தில் கட்டிக் கொள்வது லாபம்.

போடும் முன் விற்பவரிடம் 4 கேள்வி கேட்க வேண்டும். இடைவெளி எத்தனை அங்குலம் விடுவீங்க? பளபளப்பு எந்தப் பக்கம் வரும்? வயரை என்ன செய்வீங்க? ஒரு அறைக்கு மட்டும் முதலில் போட்டுத் தருவீங்களா? இந்த 4 கேள்விக்கும் நேராகப் பதில் சொல்கிறவரிடம் வாங்கலாம். ‘அதெல்லாம் பாத்துக்கலாம்’ என்று மழுப்பினால் வேறு கடை பார்ப்பதே நல்லது.

எந்தத் தாள் போட்டாலும் உச்சி வெயில் நேரத்தில் ஷீட் வீட்டுக்குள் குழந்தைகளையும், முதியவர்களையும் பூட்டி வைத்து விட்டு வேலைக்குப் போகக் கூடாது. தலைச்சுற்றல், வாந்தி, உடம்பு அனலாகக் கொதித்தும் வியர்க்காமல் இருப்பது, பேச்சு குழறுவது போன்றவை தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டு வந்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.